கனம் பிடியில் இருக்கட்டும், வாயில் வேண்டாம்: மடக்குக் கத்தி வாங்குவதும் தீட்டுவதும்

"நல்ல ஸ்ட்ராங்கான மடக்குக் கத்தி வேணும்" என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் இருப்பதிலேயே தடிமனானதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அலகின் முதுகு, அதாவது வெட்டாத பக்கம், 4 மில்லிமீட்டர், கையில் வாங்கினால் கால் கிலோ இருக்கும். பார்க்க மிரட்டலாக இருக்கும். வீட்டுக்கு வந்து முதல் அட்டைப்பெட்டியைக் கீறும்போது குட்டு உடைந்துவிடும். வெட்டும் ஓரமான வாய் ஒரு விரல்கடை இறங்கும். அப்புறம் அட்டை அலகைக் கவ்விக்கொள்ளும். அழுத்தினால் வெட்டாது, கிழியும். கோடாலி விறகைப் பிளப்பது போன்ற வேலை அது. பெட்டிக்கும் தேங்காய் நார்க் கயிற்றுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் பிளப்பு உதவாது.

தினசரிப் பாட்டுக்கு வேண்டிய உறுதி பிடியிலும், திறந்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டிலும், அலகு சுழலும் அச்சிலும் இருக்க வேண்டும். வாய் மெலிந்துதான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் பக் 110 இதற்கு நல்ல உதாரணம். 1964இல் வந்த மாடல், இன்றும் விற்பனையில் இருக்கிறது. பித்தளையும் மரமும் சேர்ந்த பிடி; மொத்தம் 200 கிராமுக்குக் கிட்டே எடை. ஆனால் அதன் 95 மி.மீ. அலகு இரு பக்கமும் குழிவாகச் சீவப்பட்டு, வாய்ப்பக்கம் மெல்லியதாக முடியும். கனமெல்லாம் உள்ளங்கையில்தான். எதிர்முனையில் பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் நம்பர்: மரப்பிடி, 85 மி.மீ. அலகு, எடை 50 கிராம்கூடத் தேறாது. அட்டையும் பழமும் வெட்டுவதில் தன்னைப்போல் நாலு மடங்கு விலையுள்ள தடித்த கத்திகளை அது வெட்கப்படுத்தும். மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருத்து அலகைத் திறக்க விடாமல் இறுக்குவதுதான் அதன் குறை. பிடியில் ஆளிவிதை எண்ணெய் ஊற வைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வாங்கும்போது அளக்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்றை எடுத்துப் போவது வீண் வேலை இல்லை. மலிவான பிளாஸ்டிக் டிஜிட்டல் வெர்னியரே போதும். வாயில் தீட்டப்பட்ட குறுஞ்சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அலகின் தடிமனை அளக்க வேண்டும். 0.4 முதல் 0.6 மி.மீ. வரை இருந்தால் நல்ல வெட்டு, 0.7 வரைகூடச் சமாளிக்கலாம். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் எவ்வளவு தீட்டினாலும் அது ஆப்புதான். முதுகுத் தடிமன் 3 மி.மீ. எல்லா வேலைக்கும் போதும், 3.5 தாராளம். அளக்க வசதி இல்லையென்றால் கண்ணாலேயே பார்க்கலாம். குறுஞ்சரிவின் அகலம் அரை மி.மீ. போல ஒரு கோடாகத் தெரிந்தால் வாய் மெல்லியது. ஒன்றரை, இரண்டு மி.மீ. பட்டையாகப் பளபளத்தால், பின்னால் தடிமன் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அலகு நீளம் 75 முதல் 90 மி.மீ. போதும். அதற்கு மேல் நீண்டால் சட்டைப்பை, பேன்ட் பாக்கெட் இரண்டுக்கும் ஒத்துவராது. கண்ணில் படுகிறவர்களையும் பயமுறுத்தும். சட்டமும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசும் கத்தி அந்த அளவில் பாதிகூட வராது. என்றாலும் பட்டனைத் தட்டினால் சீறிக்கொண்டு திறக்கிற ஸ்பிரிங் கத்தியைத் தவிர்ப்பதே புத்தி. வேலைக்கு அதனால் கூடுதல் பயன் ஒன்றுமில்லை. போலீஸ் சோதனையில் விளக்கம் சொல்வதும் கடினம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

அலகின் வடிவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். வயிற்றுப் பகுதி லேசாக வளைந்து, நுனி அலகின் நடுக்கோட்டுக்குக் கிட்டே இறங்கி முடிகிற சாதாரண வடிவம் எதுவும் சரி. ரம்பப் பல் வைத்தது கயிற்றுக்கு அருமை, ஆனால் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது. பாதி பல், பாதி நேர் என்று வருவது இரண்டிலும் அரைகுறை.

பூட்டு

விரலைக் காப்பாற்றுவது இதுதான், அதனால் இங்கே அவசரம் கூடாது.

லைனர் லாக் என்பது பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடிப்பகுதியை முட்டி நிற்பது. மலிவுக் கத்திகளில் பெரும்பாலும் இதுவே. தகடு அலகின் அடிமுகத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஏறி நிற்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் ஒருநாள் நழுவும். புதிதிலேயே மறுபக்கம் வரை போய் ஒட்டியிருந்தால், தேய்மானத்துக்கு மிச்சம் இல்லை. தகட்டின் தடிமனும் முக்கியம்: ஒரு மி.மீ.க்குக் குறைவான தகட்டை வைத்து "ஹெவி டியூட்டி" என்று அச்சடித்திருந்தால் அந்த எழுத்தை நம்ப வேண்டாம். ஃப்ரேம் லாக் இதே தத்துவம்தான். தனித் தகட்டுக்குப் பதில் பிடியின் ஒரு பக்கமே வளைந்து முட்டும். இறுக்கிப் பிடிக்கும்போது கையும் சேர்ந்து பூட்டை அழுத்துவதால் நம்பகம் கூடும்.

பேக் லாக் என்பது முதுகுப்பக்கம் ஒரு கம்பி அலகின் வெட்டில் போய் விழுவது. பக் 110இல் இருப்பது அதுவே. உறுதியானது. ஆனால் அந்த வெட்டுக்குள் மணலோ சிமென்ட் தூளோ அடைந்தால், பூட்டு விழுந்ததுபோல் தெரியும், முழுதாக விழுந்திருக்காது. கட்டட வேலை, உரமூட்டை வேலை செய்கிறவர்கள் வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் அந்தக் குழியைக் குடைந்துவிட வேண்டும். க்ராஸ்பார் வகையில் ஒரு குறுக்குக் கம்பி ஸ்பிரிங் விசையில் அலகின் மேல் ஏறி நிற்கும். இடது கைக்காரர்களுக்கு மிக வசதி. அதன் மயிரிழை ஸ்பிரிங் என்றாவது உடையலாம், இரண்டு பக்கமும் இருப்பதால் ஒன்று போனாலும் உடனே கைவிடாது. கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் ட்ரை-ஆட் பூட்டில் அலகுக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு தனி முளை நின்று விசையை வாங்கிக்கொள்ளும். முரட்டு வேலைக்கு அதற்கு நிகரானவை குறைவு. திறக்க மூட விரல் வலிக்கும் என்பதுதான் அதற்கான விலை.

கடையிலேயே பூட்டைச் சோதிக்கலாம். திறந்து பூட்டியபின், மூடும் பாதையில் ஒரு விரலும் இல்லாமல் உள்ளங்கைகளால் மட்டும் பிடியைப் பற்றி, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தமாக ஊன்றிப் பாருங்கள். ஓங்கி அடித்துச் சோதிக்கிற வீடியோக்களைப் பார்த்து அதையே செய்ய வேண்டாம், நல்ல பூட்டும் கெடும். அடுத்து நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அந்த ஆட்டம் அச்சுத் திருகை இறுக்கினால் போகும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் முகம் பொருந்தாத குறை. எந்தத் திருகும் அதைச் சரி செய்யாது, கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அச்சில் பித்தளை நிற வாஷர் இருக்கிறதா, குண்டு பேரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். பேரிங் கத்தி வெண்ணெய்போல் திறக்கும், கையில் வைத்துத் தட்டி விளையாடச் சுகம். தூசு படிகிற இடத்தில் வேலையென்றால் பாஸ்பர் பிரான்ஸ் வாஷரே மேல். பேரிங்கில் மண் புகுந்தால் நறநறவென்று அரைக்கும். கழற்றினால் குண்டுகள் தரையில் உருண்டு ஓடும்.

பிடிக்கு ஜி10 (கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் இறுக்கிய பலகை) அல்லது கண்ணாடி இழை கலந்த நைலான் எடுத்துக்கொண்டால் வியர்வைக்கும் மழைக்கும் கவலையில்லை. பளபளவென்று பாலிஷ் போட்ட எஃகுப் பிடி, மே மாத வியர்வையில் மீன் பிடித்த மாதிரி வழுக்கும்.

எஃகு: பெயர் பெரிது, பக்குவம் அதைவிடப் பெரிது

ஒரே எஃகு, இரண்டு பட்டறைகளில் இரண்டு குணம் காட்டும். சூடேற்றிக் குளிர்விக்கும் பக்குவம்தான் காரணம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தியின் கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56தான். சீக்கிரம் மழுங்கும், ஆனால் இரண்டு நிமிடத்தில் எந்தக் கல்லிலும் தீட்டிவிடலாம், துரு ஏறாது. அதே வழியில் பக் நிறுவனம் 420எச்சி எஃகை 58 வரை ஏற்றி நன்றாக வேலை வாங்குகிறது. மலிவில் கிடைக்கிற 8சிஆர்13எம்ஓவி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. சுவீடனின் 14சி28என் இதைவிட ஒரு படி மேல்: நுண்ணிய மணி, நன்றாகக் கூர் ஏறும், கடற்கரை ஊரிலும் தாக்குப்பிடிக்கும். முதல் கத்திக்கு எங்கள் சிபாரிசு அதுதான்.

டி2 இப்போது எல்லா நடுத்தரக் கத்தியிலும் அச்சடித்து வருகிறது. ஒன்றரை சதவீதம் கரியும், 12 சதவீதம் குரோமியமும் கொண்ட, உலோகத் தகடு வெட்டும் அச்சுகள் செய்கிற கருவி எஃகு. 12 சதவீதம் குரோமியம் என்றதும் துருப்பிடிக்காது என்று நினைப்பார்கள். அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி கரியோடு கூடிக் கடினத் துகளாகிவிடும், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ எண்ணெய் இல்லாமல் ஒரு மழைக்காலம் வைத்தால் புள்ளி புள்ளியாகச் செம்புள்ளி தெரியும். கூர் நீண்டநாள் நிற்கும் என்பது உண்மை. தீட்ட நேரம் பிடிக்கும் என்பதும் உண்மை. எஸ்30வி போன்ற எஃகில் வனேடியம் கார்பைடு உண்டு, அது சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லை விடக் கடினம். கல் எஃகைத் தேய்ப்பதற்குப் பதில் துகளைச் சுற்றித்தான் தேய்க்கும். அதற்கு வைரத் தகடு வேண்டும். கையில் அந்தச் சாதாரணக் கல் மட்டும் இருக்கிறவர் எஸ்30வி வாங்குவது, ஊரில் டீசல் மட்டும் கிடைக்கும்போது பெட்ரோல் வண்டி வாங்குவதுபோல. படகிலும் மீன் வேலையிலும் இருப்பவர்களுக்கு எச்1 என்ற எஃகு தனி: உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தாலும் துரு ஏறாது.

"டமாஸ்கஸ்" என்று அலை அலையாகக் கோடு போட்டு மலிவு விலைக்கு வந்தால், பெரும்பாலும் அது மேலே லேசரில் வரைந்த படம். முதுகில் அந்தக் கோடு தொடர்கிறதா என்று பாருங்கள், தொடரவில்லையென்றால் ஓவியம்தான்.

கல்

தமிழ்நாட்டில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைப்பது 8 அங்குலம் நீளம், 2 அங்குலம் அகலம், 1 அங்குலம் உயரத்தில் ஒருபக்கம் கரடு, ஒருபக்கம் நயம் என்று வரும் கார்போரண்டம் கல். சிலிக்கன் கார்பைடுதான் பொருள். 1954இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் முதல் பெயரில்லாத கம்பெனிகள் வரை போடுகிறார்கள். வேகமாக வெட்டும் கல். அதன் நயப்பக்கமே கொஞ்சம் கரடாக இருக்கும் என்றாலும் கயிறு, சாக்கு, அட்டைக்கு அந்தக் கூரே போதும், சொல்லப்போனால் அதுவே மேல். பழமும் காகிதமும் வெட்டுகிறவர் 1000 எண் கொண்ட தண்ணீர்க்கல் (எண் கூடக் கூட கல் நயமாகும்) ஒன்று கூடுதலாக வாங்கலாம். வைரத் தகடு என்றால் 400, 1000 இரண்டு. புதுத் தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வைரத் துகள்கள் முதல் சில தடவை ஆழமாகக் கீறும். பழைய கத்தி ஒன்றை லேசாகத் தேய்த்துப் பழக்கிவிட்டு நல்ல கத்தியை வையுங்கள். வைரத்தகட்டில் அழுத்தினால் துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கல்லில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. விடாதீர்கள். நாளடைவில் பிசுபிசுத்து, மார்கழியில் உறைந்து, கல்லின் கண்களை அடைத்துவிடும். அப்புறம் கல் வழுக்கும், தேய்க்காது. தண்ணீர் நல்லது. கல்லைக் குமிழி நிற்கும்வரை ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மேலே இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் தீட்டும்போது சேரும் கறுப்புக் குழம்பு எளிதாக விலகும். ஏற்கெனவே எண்ணெய் குடித்த கல்லை மண்ணெண்ணெயில் ஒருநாள் போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஓரளவு மீளும்.

நடுவில் குழி விழுந்த கல்லில் கோணம் நிற்காது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். சமமான கடப்பைக் கல்லில் அல்லது கண்ணாடித் துண்டில் 120 எண் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை தேயுங்கள். கடைசியாக எங்கே கோடு மிஞ்சுகிறதோ அங்கேதான் குழி இருந்தது.

தீட்டுதல்

முதலில் கோணம். மடக்குக் கத்திக்குப் பக்கத்துக்கு 17 முதல் 20 பாகை. முரட்டு வேலை என்றால் 20, எஃகும் நல்லதாய் வேலையும் மென்மையானதாய் இருந்தால் 17. பாகைமானி இல்லாமல் இதை வைக்க ஒரு கணக்கு உண்டு. அலகின் அகலத்தை 0.34ஆல் பெருக்கி, முதுகுத் தடிமனில் பாதியைக் கழித்தால், 20 பாகைக்கு முதுகின் கீழ்விளிம்பு கல்லிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று வரும். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. முதுகு என்றால் 8.5 கழித்தல் 1.5, ஆக 7 மி.மீ. 17 பாகைக்கு 0.29ஆல் பெருக்க வேண்டும், 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். நாணயங்களை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, கல்லின் முனையில் வைத்து, ஒவ்வொரு சில இழுப்புக்கும் ஒருமுறை முதுகை அதில் வைத்துக் கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் கைக்கே பழகிவிடும்.

கத்தியில் ஏற்கெனவே உள்ள கோணத்தைத் தொடர வேண்டுமானால் இன்னும் எளிது. குறுஞ்சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாயோரம் மட்டும் போயிருந்தால் முதுகைத் தாழ்த்துங்கள்; மேல்விளிம்பில் மட்டும் போயிருந்தால் உயர்த்துங்கள். முழு அகலமும் போனால் அதுதான் கோணம். முதல் பத்து நிமிடம் மார்க்கரை இரண்டு மூன்று தடவை மறுபடி பூசச் சோம்பல் படாதீர்கள். கூர் ஏறாத கத்திகளில் பாதிக்கு மேல், கல் வாயைத் தொடவே இல்லை என்பதுதான் காரணம்.

கல்லுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டோ ஈரத்துணியோ விரித்துவிடுங்கள், நகராது. பூட்டு விழுந்ததா என்று பார்த்துவிட்டு, பூட்டை விடுவிக்கும் இடத்தில் கட்டைவிரல் படாதபடி பிடியுங்கள். தீட்டும்போது லைனர் லாக்கைத் தெரியாமல் தள்ளி விரலை வெட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. அலகின் பக்கங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் கீறல் விழாது.

கரடுப் பக்கத்தில், கல்லின் மேலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுப்பதுபோல வாய் முன்னே போகும்படி, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. அழுத்தம் எவ்வளவு என்று கேட்பார்கள்: சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து அழுத்திப் பாருங்கள், கல்லின் எடை போக ஒரு கிலோ காட்டினால் தொடக்கத்துக்குச் சரி. வயிற்று வளைவு வரும்போது பிடியை லேசாக உயர்த்த வேண்டும், இல்லையென்றால் நுனிப்பக்கம் தீட்டப்படாது. இழுப்பு முடியும்போது நுனி கல்லின் மேலேயே நிற்கட்டும். விளிம்பைத் தாண்டி வழுக்கி இறங்கினால் நுனி உருண்டு மொக்கையாகும்.

ஒரு பக்கத்தையே தொடர்ந்து தீட்டுங்கள், பிசிறு ஏறும்வரை. பிசிறு என்பது மறுபக்கம் மடங்கி நிற்கும் எஃகு இழை. கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே தடவினால் சொரசொரவென்று தட்டும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். அடி, நடு, நுனி என்று முழு நீளத்துக்கும் பிசிறு தெரிய வேண்டும். ஓரிடத்தில் தெரியாவிட்டால் அந்த இடம் இன்னும் மழுக்கம்தான், அங்கே மட்டும் கூடுதலாக இழுங்கள். இழுப்பை எண்ணித் தீட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: பக்கத்துக்கு இருபது என்று சமமாக இழுத்தாலும் பிசிறு ஏறாமல் திருப்பினால் இருபதும் வீண். மழுங்கிய கத்திக்கு முதல் தடவை ஐம்பது இழுப்புகூட ஆகலாம்.

பிறகு மறுபக்கம், அதே மாதிரி. அதன்பின் கல்லைத் திருப்பி நயப் பக்கத்தில், 300 கிராம் அழுத்தத்தில், ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து. கடைசி ஐந்தாறு இழுப்பில் கத்தியின் சொந்த எடை மட்டும்.

இந்த இடத்தில் கத்தி காகிதத்தை வெட்டும். பலரும் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் இரண்டு பெட்டி கீறியதும் கூர் போய்விட்டது, எஃகு சரியில்லை என்று பழி விழும். போனது கூர் இல்லை, பிசிறு. கல் மெல்லியதாக்கிய அந்த இழை வாயின் நுனியிலேயே நிமிர்ந்து நின்று காகிதத்தை வெட்டியது. அட்டையில் பட்டதும் மடிந்து வாயை மூடிக்கொண்டது. அதை எடுப்பதுதான் தீட்டுவதில் பாதி வேலை. முதுகை இரண்டு மூன்று பாகை கூடுதலாக உயர்த்தி, கல்லைத் தொட்டும் தொடாமலும் பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து, மாற்றி மாற்றி. அப்புறம் தோல்வார். முடிதிருத்துகிறவர் சவரக்கத்தியை இழுப்பாரே, அதே வேலை. பழைய பெல்ட்டின் உட்பக்கத்தை மரக்கட்டையில் ஒட்டி, பாலிஷ் பட்டறையில் கிடைக்கும் பச்சைக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். வாய் பின்னால் வரும்படி, பக்கத்துக்கு எட்டுப் பத்து. அழுத்தினால் தோல் உள்வாங்கி, வாயை உருட்டிவிடும்.

பிசிறு போனதா என்று அறிய மேசை விளக்கின் கீழ் வாயை உங்களை நோக்கி வைத்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. மின்னுகிற புள்ளி எங்கிருந்தாலும் அங்கே பிசிறோ மழுக்கமோ உண்டு. வாயை நகத்தின் மேல் எடையே இல்லாமல் நீளவாக்கில் நகர்த்தினால் தடங்கல் இல்லாமல் போக வேண்டும். பஞ்சை வாயோரம் இழுத்தால் எங்கும் இழை சிக்கக் கூடாது. கடை ரசீது பேப்பரை வெட்டிக் காட்டுவது சோதனையே இல்லை, செய்தித்தாளை அதன் இழைக்குக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

எவ்வளவு நயமாக முடிப்பது என்பது வேலையைப் பொறுத்தது. தேங்காய் நார்க் கயிறு, பிளாஸ்டிக் சாக்கு, கொழகொழவென்று பழுத்த தக்காளி எல்லாம் நுண்ணிய பல் இருக்கிற கூரைத்தான் விரும்பும். 400 எண்ணோடு நிறுத்தி, தோலில் நாலைந்து இழுப்பு மட்டும் போதும். கண்ணாடிபோல் மெருகேற்றிய வாய், கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மரத்தைச் சீவுவதற்கும் தோல் வேலைக்கும் மெருகு நல்லது.

எங்கே கெடுகிறது

சாணைக்காரர் சைக்கிளில் சுற்றும் சக்கரம் அரிவாளுக்கும் அருவாமனைக்கும் ஏற்றது, அந்த வேலையை அவர்கள் அழகாகச் செய்வார்கள். மெல்லிய வாயை உலர்ந்த சக்கரத்தில் வைத்தால் சில நொடிகளில் சூடு ஏறும். வைக்கோல் நிறம் தெரிந்தால் 220 பாகை செல்சியஸ் தாண்டியாயிற்று. நீலம் பாய்ந்தால் 300ஐ நெருங்கியாயிற்று, துருப்பிடிக்காத எஃகில் அதற்கும் மேல். பெரும்பாலான கத்தி எஃகுகளுக்கு அந்தச் சூடு கடினத்தை இறக்கிவிடும். நிறம் தெரியாமலேகூட வாயின் நுனி பதம் இழந்திருக்கும், ஏனென்றால் மிக மெல்லிய இடம் அதுதான். நீலமான பகுதியைக் கல்லில் தேய்த்து அகற்றுவதைத் தவிர வழியில்லை.

வி வடிவப் பிளவில் வைத்து இழுக்கிற கருவிகள் எஃகைப் பிய்க்கும், தீட்டாது. ஆறு மாதத்தில் வாயின் அடிப்பகுதி குழிந்து, பலகையில் வைத்தால் வெளிச்சம் தெரியும்.

வாயில் சிறு பல் உடைந்தால், அரை மி.மீ. வரை, கரடுக் கல்லில் வாயை நேர் செங்குத்தாக வைத்து, வெட்டுவதுபோல் சில இழுப்பு இழுத்துப் பல் மறையும்வரை சமப்படுத்துங்கள். வாய் தட்டையாகி மின்னும், பயப்பட வேண்டாம். பிறகு முதலிலிருந்து பிசிறு ஏற்றும் வேலை. முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நுனி உடைந்தால் தேய்க்க வேண்டியது முதுகுப்பக்கம். வாய்ப்பக்கம் தேய்த்தால் புது நுனி மேலே தூக்கி, மூடும்போது பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

ஓரிரு வருடம் தொடர்ந்து தீட்டிய கத்தி, கூர் இருந்தும் வெட்டக் கனமாகத் தோன்றும். வாய் மேலேறி, தடிமனான இடத்துக்கு வந்துவிட்டது. மறுபடி வெர்னியரை வைத்துப் பாருங்கள். 15 பாகைக்கு, அதாவது மேலே சொன்ன கத்திக்கு முதுகு 5 மி.மீ. உயரத்தில், குறுஞ்சரிவின் மேல்விளிம்பை இரு பக்கமும் தேய்த்து மெலிய வைத்து, கடைசியில் 20 பாகையில் பக்கத்துக்கு நாலு இழுப்பு கொடுங்கள். புதுக் கத்தியை விட நன்றாக வெட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை தோல்வார் போட்டால் கல்லுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். மறுசுழற்சி அட்டையில் மண்ணும் தூளும் கலந்திருப்பதால் பெட்டி கீறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பாதியாகும். வெளியூரில் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் ஐந்தாறு இழுப்பு.

துடைப்பும் எண்ணெயும்

மாங்காயோ எலுமிச்சையோ வெட்டினால் அப்போதே கழுவித் துடைக்க வேண்டும். பலாப்பழத்துக்கு முன் அலகில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், பால் ஒட்டாது. வெட்டி முடித்ததும் முழுக்கத் துடைத்துவிடுங்கள். டேப் பசைக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணி. அச்சுக்குள் மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கல்லில் செய்ததையே அங்கேயும் செய்யும். சோப்புத் தண்ணீரில் திறந்து மூடி அலசி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

அச்சுத் திருகு தளர்ந்தால் பெரும்பாலும் டி8 டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்குரூடிரைவர் பொருந்தும், பாக்கெட் கிளிப்புக்கு டி6. தலை தேய்ந்த மலிவு டிரைவரை வைத்தால் திருகின் தலை வட்டமாகிவிடும். எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பார்த்து, அலகு ஆடாமலும் திணறாமலும் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபடி மறுபடி தளர்ந்தால் திருகைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நடுத்தரப் பிடிப்புள்ள நீல வகை ஒரு கடுகளவு. சிவப்பு வகையைப் போட்டால் அடுத்த தடவை சூடு காட்டாமல் கழற்ற முடியாது. தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டி2 என்றால் ஒரு மழைக்காலமே போதும்.

பெயின்ட் டப்பா மூடியை நெம்ப, சுத்தியலால் முதுகில் தட்டி இளநீர் சீவ இந்தக் கத்தியை எடுக்க வேண்டாம். எவ்வளவு கனமான மடக்குக் கத்தியானாலும் நடுவில் ஒரு அச்சும் ஒரு பூட்டும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. டப்பாவுக்குப் பழைய ஸ்குரூடிரைவர் இருக்கிறது, இளநீருக்கு அரிவாள்.